அப்பாவுக்குச் சிறுநீர் நின்றுபோனது ஏன்?

கேள்வி (கடிதத்தின் சுருக்கம்): என் தந்தைக்கு 63 வயது. திருவாரூர் பக்கம் விவசாயம் செய்கிறார். எட்டு ஆண்டுகளாக ரத்த அழுத்தத்துக்கு எனாலப்ரில் மாத்திரையும், அதோடு ஒரு நீர் மாத்திரையும் சாப்பிட்டு வருகிறார். முழங்கால் வலிக்கு அவ்வப்போது டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டுக்கொள்வார். சென்ற மாதம் ஒரு விசேஷத்தில் சாப்பிட்டுவிட்டு வந்தவருக்கு இரண்டு நாள் கடுமையான வாந்தியும் பேதியும் இருந்தன. உடம்பு வலிக்கிறது என்று மூன்று வேளையும் டைக்ளோஃபெனாக் எடுத்தார். மூன்றாம் நாள் காலையிலிருந்து சிறுநீரே போகவில்லை. மருத்துவமனையில் சேர்த்தபோது ரத்த அழுத்தம் 80/50, ரத்தத்தில் தேங்கும் கழிவான கிரியாட்டினின் 4.6. ‘கிட்னி ஷாக் ஆகிவிட்டது’ என்றார்கள். சலைன் ஏற்றி அழுத்தம் சரியான பிறகும் சிறுநீர் வராததால் மூன்று முறை டயாலிசிஸ் செய்தார்கள். ஒன்பதாம் நாள் சிறுநீர் வரத் தொடங்கி, பிறகு ஒரு நாளைக்கு 4 லிட்டர் வரை போனது. வீடு திரும்பும்போது கிரியாட்டினின் 1.6. இதுவரை சிறுநீரகக் கோளாறே இல்லாதவருக்கு இது ஏன் வந்தது? டயாலிசிஸ் இனித் தொடருமா? எனாலப்ரிலை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், அதுதான் காரணமா? அந்த மாத்திரைகளை வேளை தவறாமல் எடுத்துக் கொடுத்தது நான்தானே என்று அம்மா தினமும் அழுகிறார்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் அனுப்பிய பரிசோதனைத் தாள்கள் அனைத்தையும் படித்தேன். தங்கள் தந்தையாருக்கு வந்த கோளாறு சிறுநீரகத்தில் தொடங்கியதன்று. வாந்தியிலும் பேதியிலும் உடலின் நீரும் உப்பும் வெளியேறி, ரத்தக் குழாய்களுக்குள் ஓட வேண்டிய ரத்தத்தின் கன அளவு குறைந்ததில் தொடங்கியது. முதலில் சிறுநீர் குறைந்தது சிறுநீரகம் பழுதானதால் அல்ல, அது தன் வேலையைச் சரியாகச் செய்ததால்தான். உடலில் நீர் இல்லாத நேரத்தில் ஒரு சொட்டைக்கூட வீணாக்கக் கூடாது என்று அது வாயை மூடிக்கொண்டது. அந்தக் காவல் அளவுக்கு மீறி நீண்டபோது, காவல் காத்த உறுப்பே காயப்பட்டது. இந்த இரண்டு கட்டங்களுக்கும் உள்ள வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் உங்கள் கேள்விகள் பலவற்றுக்கு விடை கிடைத்துவிடும்.

இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஏறக்குறைய 300 கிராம் எடைதான். ஆனால் இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல், அதாவது நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்குச் சற்று அதிகமாக, அவற்றின் வழியாகவே பாய்கிறது. அந்த ரத்தத்திலிருந்து நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீர் வடிகட்டப்படுகிறது. அதில் 99 சதவீதம் மீண்டும் உறிஞ்சப்பட்டு, ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராக வெளியேறுகிறது. இவ்வளவு ரத்தம் அங்கே போவது சிறுநீரகத் திசுவின் பசிக்காக மட்டுமன்று, ரத்தத்தைச் சுத்தம் செய்வதற்காக. ஆகவே நெருக்கடி வரும்போது உடல் முதலில் கை வைக்கக்கூடிய இருப்பும் இதுதான்.

நீங்கள் காவிரிப் பாசனப் பகுதியில் இருப்பவர் என்பதால், மேட்டூரில் நீர் குறையும் ஆண்டுகளில் வயல்களுக்கு மாற்றி மாற்றித் தண்ணீர் விடும் முறைப்பாசனத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ரத்தத்தின் கன அளவு குறைந்ததும் உடலும் அப்படி ஒரு முறை வைக்கிறது. கழுத்துத் தமனியிலும், இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் வளைவிலும் உள்ள அழுத்த உணரிகள் குறைவை நொடிகளில் அறிந்து மூளைக்குச் சொல்கின்றன. இதயத்துக்கும் மூளைக்கும்தான் முதல் பங்கு. தோல், குடல், தசை ஆகியவற்றின் குழாய்கள் சுருக்கப்படுகின்றன. அந்த நேரத்தில் கையும் காலும் சில்லிட்டுப்போவதும், நாடி வேகமாகத் துடிப்பதும் இதனால்தான். சிறுநீரகத்துக்குப் போகும் பங்கும் மெல்லக் குறைக்கப்படுகிறது.

தனக்கு வரும் ரத்தம் குறைவதைச் சிறுநீரகமும் தானாக உணர்கிறது. ரத்தத்தை வடிகட்டும் நுண்ணிய குழாய்க் கொத்தை வடிகட்டி முடிச்சு என்போம்; அதற்குள் நுழையும் சிறு தமனியின் சுவரில் உள்ள செல்கள் ரெனின் என்ற பொருளை ரத்தத்தில் விடுகின்றன. முயலின் சிறுநீரகத்தை அரைத்து எடுத்த சாறு மற்றொரு முயலின் ரத்த அழுத்தத்தை உயர்த்துகிறது என்பதை 1898இல் ஸ்டாக்ஹோமில் டிகர்ஸ்டெட், பெர்க்மன் என்ற இருவர் கண்டு அதற்கு இந்தப் பெயரை வைத்தார்கள். ரெனின் தொடங்கிவைக்கும் வேதிமாற்றங்களின் முடிவில் ஆஞ்சியோடென்சின் உருவாகிறது. அது உடல் முழுவதும் குழாய்களை இறுக்கி அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கிறது; தாகத்தைத் தூண்டுகிறது; அட்ரீனல் சுரப்பியிலிருந்து ஆல்டோஸ்டீரோனை வரவழைத்து உப்பைத் திரும்ப உறிஞ்சச் செய்கிறது. அதே நேரத்தில் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரியிலிருந்து வாசோபிரசின் வந்து நீரையும் பிடித்து வைக்கிறது. தந்தையாருக்கு இரண்டாம் நாள் சிறுநீர் கொஞ்சமாக, கறுத்த தேநீர் நிறத்தில் போனது என்று எழுதியிருக்கிறீர்களே, அது இந்த ஹார்மோன்கள் தங்கள் வேலையை உச்ச அளவில் செய்துகொண்டிருந்ததன் அடையாளம். முழு வலுவோடு செறிவூட்டும் சிறுநீரகம் ஒரு நாளின் கழிவு முழுவதையும் அரை லிட்டர் சிறுநீரில் அடக்கிவிடும். அதற்கும் கீழே, 24 மணி நேரத்தில் 400 மில்லிக்குக் குறைவாகப் போனால், கழிவு உள்ளே தங்கத் தொடங்குகிறது.

இனி மாத்திரைகளுக்கு வருகிறேன். ஒவ்வொரு வடிகட்டி முடிச்சுக்கும் உள்ளே வரும் குழாய் ஒன்று, வெளியே போகும் குழாய் ஒன்று. வயலுக்கு நீர் நுழையும் மடையும் வடியும் மடையும் போல என்று வைத்துக்கொள்ளலாம். வாய்க்காலில் நீர் குறையும்போது விவசாயி என்ன செய்வார்? நுழையும் மடையை நன்றாகத் திறந்துவிட்டு, வடியும் மடையை அடைப்பார். வயலில் நீர் நிற்கும். சிறுநீரகமும் அதையே செய்கிறது. நுழையும் குழாயைத் திறந்து வைப்பவை புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள்கள். வெளியேறும் குழாயை இறுக்குவது ஆஞ்சியோடென்சின். இந்த ஏற்பாட்டினால்தான் சராசரி ரத்த அழுத்தம் ஏறத்தாழ 80வரை இறங்கினாலும் வடிகட்டும் அளவு பெரிதாகக் குறையாமல் நிற்கிறது. டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுக்கின்றன. நுழையும் மடை மூடிக்கொள்கிறது. எனாலப்ரில் ஆஞ்சியோடென்சின் உருவாவதைத் தடுக்கிறது. வடியும் மடை திறந்துகொள்கிறது. ஏற்கெனவே வறண்ட உடலிலிருந்து நீர் மாத்திரை மேலும் உப்பையும் நீரையும் வெளியேற்றுகிறது. இவற்றில் ஒன்றை மட்டும் எடுத்திருந்தால் தந்தையாரின் சிறுநீரகம் ஒருவேளை சமாளித்திருக்கும். மூன்றும் ஒரே நேரத்தில், அதுவும் இரண்டு நாள் பேதியின் நடுவே சேர்ந்தபோது, அதற்குப் பிடித்துக்கொள்ள எதுவும் மிஞ்சவில்லை.

இன்னொன்றும் உண்டு. பல ஆண்டுகள் உயர் அழுத்தத்தோடு வாழ்ந்தவரின் சிறுநீரகம் அந்த உயர்ந்த அழுத்தத்துக்குப் பழகிப்போயிருக்கும். மற்றவருக்குப் போதுமான 100/70 கூட அவருக்குக் குறைவாக இருக்கலாம். 80/50 என்றால் சராசரி அழுத்தம் 60தான். யாருடைய சிறுநீரகத்துக்கும் அது போதாது.

அந்த நிலை நீண்டால் எந்த இடம் முதலில் அடிபடுகிறது? கடைமடைதான். சிறுநீரகத்துக்கு வரும் ரத்தத்தின் பெரும்பகுதி வெளிப்புறமான புறணியிலேயே ஓடிவிடுகிறது. உட்புறமான அகணிக்குப் போவது மிகச் சிறிய பங்கு. ஆனால் உப்பை இழுத்துச் சேர்க்கும் கடினமான உழைப்பு, புறணியும் அகணியும் சேரும் எல்லையிலும் அகணியின் வெளிப்பகுதியிலும் உள்ள, வடிகட்டிய நீரைச் சிறுநீராக்கும் நுண்குழல்களில் நடக்கிறது. நல்ல உடல்நிலையிலேயே அங்கே ஆக்சிஜன் மட்டுமட்டாகத்தான் இருக்கும். ரத்தம் குறைந்ததும் அந்தச் செல்கள்தான் முதலில் மூச்சுத் திணறுகின்றன. அவை வீங்கி, உதிர்ந்து, நுண்குழலின் உள்ளேயே அடைத்துக்கொள்கின்றன. இந்தக் கட்டத்தை நாங்கள் நுண்குழல் காயம் என்கிறோம். உங்களிடம் ‘கிட்னி ஷாக்’ என்று சொன்னது இதைத்தான் என்று கருதுகிறேன். அந்தச் சொல் மருத்துவ நூல்களில் இல்லை. ஆனால் ரத்தச் சுற்றோட்டம் தளர்ந்த அதிர்ச்சி நிலையில் சிறுநீரகம் அடிபட்டது என்ற பொருளில் அது முற்றிலும் தவறும் இல்லை.

முதல் கட்டத்தில் இருக்கிறோமா, இரண்டாவதற்குப் போய்விட்டோமா என்பதைச் சிறுநீரே சொல்லிவிடும். காவல் கட்டத்தில் சிறுநீரகம் உப்பை விடாது. சிறுநீரில் சோடியம் லிட்டருக்கு 20 மில்லிமோலுக்கும் கீழே இருக்கும். நுண்குழல்கள் காயப்பட்ட பிறகு உப்பைப் பிடித்து வைக்கும் ஆற்றல் போய்விடுவதால் அது 40ஐத் தாண்டும். தந்தையாரின் தாளில் 62 என்று இருக்கிறது. (நீர் மாத்திரை எடுப்பவர்களில் இந்த எண்ணை மட்டும் நம்ப முடியாது.) கூடவே நுண்ணோக்கிப் பரிசோதனையில் பழுப்பு நிற உருளைகள் இருந்ததாக எழுதியிருக்கிறார்கள், அவை உதிர்ந்த செல்கள் நுண்குழலின் வார்ப்பிலேயே திரண்டு வெளிவந்தவை. ஆகவே மருத்துவமனைக்கு வந்தபோதே அவர் முதல் கட்டத்தைக் கடந்துவிட்டார் என்பதில் எனக்கு ஐயமில்லை. சலைன் ஏற்றியதும் அழுத்தம் ஏறியது, சிறுநீர் வரவில்லை என்று நீங்கள் வருந்தியதற்கும் இதுவே விளக்கம். ஏரி நிரம்பிவிட்டது, காய்ந்த பயிர் தழைக்கத்தான் நாள் பிடித்தது.

நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது, தீவிர சிகிச்சைப் பிரிவில் எங்கள் பேராசிரியர் நோயாளியின் முகத்தைப் பார்த்ததும் அடுத்ததாகக் குனிந்து கட்டிலின் கீழே பார்ப்பார். அங்கே சிறுநீர்ப் பை தொங்கும். பையின் மேல் பகுதியில் மில்லிலிட்டர் கணக்கில் கோடு போட்ட ஒரு சின்னப் பெட்டி இருக்கும். மணிக்கு ஒருமுறை செவிலியர் அதைப் படித்துக் குறித்துவிட்டுக் கீழ்ப் பைக்குள் கவிழ்த்துவிடுவார். அறுபது கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 30 மில்லியாவது வர வேண்டும். பிரசவத்தில் மிகுந்த ரத்தம் இழந்த ஒரு பெண்ணுக்கு ஓர் இரவு முழுவதும் நான் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து மணிக்கு 8 மில்லி, பதினொன்றுக்கு 5. ரத்த அழுத்தம் அப்போது 110/80. நாடி மட்டும் 128. மூன்று யூனிட் ரத்தம் ஏறி முடிந்த பிறகு, விடியற்காலை நான்கு மணிக்குப் பெட்டியில் 35 மில்லி தெளிந்த சிறுநீர் இருந்தது. ரத்தத்தில் 15 சதவீதத்துக்கு மேல் இழந்தவரிடமும் அழுத்தமானி பல நேரம் நல்ல எண்ணையே காட்டும். இழப்பு 30 சதவீதத்தை நெருங்கும்போதுதான் அது விழும். சிறுநீர் அதற்கு முன்பே குறையத் தொடங்கிவிடுகிறது. கிரியாட்டினினும் ஒன்றிரண்டு நாள் பிந்தியே ஏறும். அந்த இரவுக்குப் பிறகு எந்த வார்டிலும் என் கண் முதலில் அந்தப் பெட்டியைத்தான் தேடுகிறது.

இந்த நோய்க்குத் தனி அடையாளம் கிடைத்தது 1941இல், லண்டன் மீது குண்டுகள் விழுந்துகொண்டிருந்த காலத்தில். இடிபாடுகளில் பல மணி நேரம் கை கால் நசுங்கிக் கிடந்து மீட்கப்பட்ட நான்கு பேரைப் பற்றி பைவாட்டர்ஸ், பீல் என்ற மருத்துவர்கள் எழுதினார்கள். மீட்டபோது நன்றாக இருந்தவர்கள் சில மணி நேரத்தில் அதிர்ச்சி நிலைக்குப் போனார்கள். நீரும் ரத்தமும் ஏற்றி அழுத்தத்தைத் திருத்திய பிறகும் சிறுநீர் குறைந்துகொண்டே போய், ஒரு வாரத்துக்குள் இறந்தார்கள். நசுங்கிய தசையிலிருந்து வந்த நிறமியும் அவர்களின் சிறுநீரகத்தைத் தாக்கியிருந்தது என்பதால் அது உங்கள் தந்தையாரின் நிலையேதான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அழுத்தம் சீரான பிறகும் சிறுநீர் வராத அந்த நாள்களைக் கடக்க அன்று அவர்களுக்கு வழி இல்லை. தந்தையாருக்கு டயாலிசிஸ் இருந்தது.

அதனால் டயாலிசிஸ் அவசரப்பட்டுச் செய்யப்பட்டதோ என்ற உங்கள் சந்தேகத்துக்கு என் பதில், இல்லை என்பதே. மருத்துவமனையில் சேர்த்த இரண்டாம் நாள் அவருடைய பொட்டாசியம் 6.8, அது இதயத் துடிப்பையே நிறுத்திவிடக்கூடிய அளவு. ‘சிறுநீர் வருவதற்கு ஊசி போட்டிருக்கலாமே’ என்று உறவினர்கள் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த ஊசி தேங்கிய நீரை வெளியேற்ற உதவும். காயப்பட்ட நுண்குழலை ஆற்றாது. வறண்ட உடலில் போட்டால் தீங்கும் செய்யும். டயாலிசிஸும் நுண்குழல்களை ஆற்றவில்லை. அவை தாமாக ஆறும்வரை அவரை உயிரோடு வைத்திருந்தது. அவருக்குச் செய்தது தற்காலிக டயாலிசிஸ். நிரந்தரமாகச் செய்துகொள்பவர்களின் சிறுநீரகம் பல ஆண்டுகளில் தழும்பேறிச் சுருங்கியிருக்கும். அவருடைய ஸ்கேனில் இரண்டு சிறுநீரகங்களும் இயல்பான அளவில் இருக்கின்றன.

நுண்குழலின் செல்கள் மீண்டும் வளரக்கூடியவை. பிழைத்திருக்கும் செல்கள் பிரிந்து பரவி, வெறுமையான சுவரை ஒன்று முதல் மூன்று வாரங்களில் மூடிவிடுகின்றன. ஒன்பதாம் நாள் சிறுநீர் வந்தது அப்படித்தான். பிறகு நாளுக்கு 4 லிட்டர் போனதற்குக் காரணம், வடிகட்டுதல் திரும்பிவிட்டது, புதிய செல்களுக்கு உறிஞ்சும் ஆற்றல் இன்னும் முழுமையாக வரவில்லை என்பதுதான். தேங்கியிருந்த கழிவும் கூடவே நீரை இழுத்துக்கொண்டு போகிறது. சிறுநீர் தாராளமாகப் போகிறது என்று மகிழ்ந்து சும்மா இருந்துவிட்டால் இரண்டாம் முறையும் வறட்சி வந்துவிடும் நாள்கள் அவை. அந்த மருத்துவமனையில் போனதைக் கணக்கிட்டு நீரும் பொட்டாசியமும் கொடுத்திருக்கிறார்கள், நல்ல கவனிப்பு.

1.6 என்ற கிரியாட்டினின் இன்னும் இறங்க வாய்ப்புண்டு. முழுக் குணம் எவ்வளவு என்பதை மூன்றாம் மாதத்தில்தான் தெரிந்துகொள்ள முடியும். அப்போது கிரியாட்டினினோடு சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்றும் பார்க்க வேண்டும். இப்படி ஒருமுறை அடிபட்ட சிறுநீரகம் பிற்காலத்தில் நாள்பட்ட நோய்க்கு ஆளாகும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பதால், அதன் பிறகும் ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். ‘கிட்னிக்கு நல்லது’ என்று ஐந்தாறு லிட்டர் தண்ணீர் குடிக்க வைக்க வேண்டாம். தாகத்துக்கு ஏற்பக் குடித்தால் போதும். வெயிலில் வயல் வேலைக்குப் போகும் நாள்களில் கூடுதலாக, கொஞ்சம் உப்பிட்ட மோரோ நீராகாரமோ குடிக்கட்டும்.

எனாலப்ரில் கெட்ட மாத்திரை அல்ல. சாதாரண நாள்களில் அது அவருடைய இதயத்தையும் சிறுநீரகத்தையும் காத்து வந்த மருந்து. அதை நிரந்தரமாக நிறுத்திவிட்டு அழுத்தத்தை 170, 180 என்று விட்டுவைத்தால் சிறுநீரகம் வேறு வழியில் கெடும். மீண்டும் தொடங்குவது எப்போது, எந்த அளவில் என்பதை அவரைப் பார்க்கும் மருத்துவர் கிரியாட்டினினையும் பொட்டாசியத்தையும் வைத்து முடிவு செய்வார். டைக்ளோஃபெனாக் மட்டும் இனி வேண்டாம். அதன் இனத்தைச் சேர்ந்த ஐபுப்ரோஃபென், அசிக்ளோஃபெனாக் ஆகியவையும் வேண்டாம். முழங்கால் வலிக்குப் பாராசிட்டமால், மேலே தடவும் களிம்பு, தொடைத் தசைக்கான பயிற்சி ஆகியவற்றை முதலில் முயலலாம். மருந்துக்கடையில் ‘வலி மாத்திரை’ என்று மட்டும் கேட்டு வாங்காமல் ‘சிறுநீரகம் ஒருமுறை பாதித்தவர்’ என்று சொல்லி வாங்குங்கள்.

மீண்டும் வாந்தி பேதி வந்தால் முதல் பேதியிலிருந்தே ஓ.ஆர்.எஸ். கரைசலைத் தொடங்குங்கள். 1971இல், வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பொங்காவ் அகதி முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோனது. மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் உப்பையும் குளுக்கோஸையும் நீரில் கரைத்து வாயாலேயே குடிக்கக் கொடுத்தார். 30 சதவீதம் வரை இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. குடல் குளுக்கோஸை உறிஞ்சும்போது சோடியத்தையும் நீரையும் கூடவே இழுத்துக்கொள்கிறது. பேதியிலும் இந்த வழி அடைபடுவதில்லை. வெறும் தண்ணீரோ இளநீரோ அதற்கு முழு மாற்றாகாது. உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரப்படி என்று அச்சிட்ட பொட்டலத்தை, அதில் சொன்ன அளவு நீரில், குறைக்காமல் கூட்டாமல் கரையுங்கள். வாந்தி இருந்தால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு மூன்று ஸ்பூனாகக் கொடுத்தால் தங்கும். அந்த நாள்களில் அழுத்த மாத்திரையையும் நீர் மாத்திரையையும் நிறுத்தி வைத்துவிட்டு மருத்துவருக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். வழக்கம்போல் உண்டு, குடித்து ஒன்றிரண்டு நாள் ஆனதும் மீண்டும் தொடங்கலாம். ஆறு மணி நேரம் சிறுநீர் போகவில்லை என்றாலோ, எழுந்து நின்றால் கண் இருட்டினாலோ, கை கால் சில்லிட்டாலோ, நாக்கு வறண்டு பேச்சு குழறினாலோ விடியட்டும் என்று காத்திராமல் இரவிலேயே அழைத்துச் செல்லுங்கள்.

அம்மாவிடம் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டுங்கள். ‘பி.பி. மாத்திரையை ஒரு நாளும் நிறுத்தக் கூடாது’ என்று எட்டு ஆண்டுகளாக அவரிடம் சொல்லிவந்தவர்கள் நாங்கள், மருத்துவர்கள். வாந்தி பேதி வந்தால் மட்டும் நிறுத்துங்கள் என்ற அடுத்த வாக்கியத்தையும் சேர்த்து, சீட்டிலேயே எழுதிக் கொடுத்திருக்க வேண்டியது எங்கள் கடமை. அது அவருக்குக் கிடைக்கவில்லை. கிடைத்த சொல்லை அவர் வேளை தவறாமல் காப்பாற்றினார். மூன்றாம் நாள் காலையில் ‘இவர் இன்னும் ஒன்றுக்குப் போகவில்லை’ என்று கவனித்துச் சொன்னவரும் அவர்தான் என்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அன்று மாலைவரை யாரும் கவனிக்காமல் விட்டிருந்தால் 6.8இல் நின்ற பொட்டாசியம் எங்கே போயிருக்கும் என்பதை நான் பல கட்டில்களின் அருகே நின்று பார்த்திருக்கிறேன். மூன்றாம் மாதப் பரிசோதனை முடிந்ததும் அந்த எண்களை எனக்கு எழுதுங்கள்.